தலையணை வேண்டாம், சால்வை போதும்

மார்ச் 6

கோந்துக்கு,

நாலு நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. நர்சின் போனிலிருந்து அடித்தேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் காகிதம். எங்கள் கம்பெனி பஸ் நாளை அந்தப் பக்கம் வருகிறது, டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழி.

அம்மா உயிரோடு இருக்கிறாள். டூரின் மூன்றாம் நாள் காலை பஸ் படியில் ஒரு காலை வைத்தவள் அப்படியே பின்னால் சரிந்துவிட்டாள். நான் பிடித்திருக்காவிட்டால் மண்டை போயிருக்கும். உடம்பில் தண்ணீரே இல்லையாம். சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன. இதுவரை இரண்டு தடவை டயாலிசிஸ் ஆகியிருக்கிறது. டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க டூர் மேனேஜரா? நாப்பது பேரை மேய்க்கிறீங்க, பெத்த அம்மா தண்ணி குடிச்சாங்களா இல்லையான்னு பாக்கலையா?" என்று கேட்டார். பதினேழு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன், ஒருத்தர் இப்படிக் கேட்டதில்லை.

தண்ணீர் கொடுக்காமலா இருந்தேன்? காலையில் பாட்டிலை நிரப்பிக் கையில் கொடுப்பேன். "குடிச்சியாம்மா?" என்றால் "குடிச்சேன், குடிச்சேன்" என்பாள். சாயங்காலம் பார்த்தால் பாட்டில் நிறைந்தே இருக்கும். நடுவில் எங்கேயோ மறுபடி தண்ணீர் பிடித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். எனக்கென்ன ஜோசியமா தெரியும்?

இதைவிட மோசம் நேற்று நடந்தது. மூன்று நாளாக என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவள், இரண்டு நர்சுகள் நிற்கும்போது, "என் தலையணையைத் தூக்கிப் போட்டவதானே நீ, வெளியில போடி!" என்று கத்தினாள். பி.டி. டீச்சர் குரல் உனக்குத் தெரியுமே. வார்டே திரும்பிப் பார்த்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு தலையணைக்கா இத்தனை ரகளை?

ஆமாம், எடுத்து வைத்தேன். புறப்படும் நாள் காலை எட்டரைக்கு வந்தேன், நீ வேலைக்குப் போய்விட்டிருந்தாய். அம்மாவின் பெட்டியை என் கைத்தராசில் மாட்டிப் பார்த்தால் பதினாலு கிலோ. மூன்று ஸ்வெட்டர், இஸ்திரிப் பெட்டி, ஹாட் வாட்டர் பேக், ஒரு முழுத் தலையணை. எட்டு நாள் பயணத்துக்கா, குடி பெயர்வதற்கா? எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டி, இரண்டே நிறத்தில் துணி தேர்ந்து, சுருட்டிச் சுருட்டி அடுக்கி, காலுறையை ஷூவுக்குள் திணித்து, கனமான ஸ்வெட்டரை அம்மாவுக்கே போட்டுவிட்டு, ஏழு கிலோவில் முடித்தேன். டூருக்கு முன்னால் எல்லோருக்கும் சொல்வதைத்தான் அம்மாவுக்கும் சொன்னேன்: ஒரு பொருள் மூன்று வேலை செய்ய வேண்டும், செய்யாதது வீட்டிலேயே இருக்கட்டும். சால்வையைச் சுருட்டினால் தலையணை, விரித்தால் போர்வை, ஜன்னலில் மாட்டினால் திரை. அம்மா ஒன்றும் சொல்லவில்லையே! கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்.

அந்தத் தலையணை நீ தைத்தது என்று தெரியும். நீ தைத்ததை நான் எடுத்து வைத்தேன் என்பதுதான் கோபமா? அல்லது முந்தின ராத்திரி நான் போனில் சொன்னதற்கா? சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன். பத்து வருடமாக நீ அம்மாவை அந்த இரண்டு அறைக்குள் ஒட்டவைத்திருக்கிறாய். இந்த டூர் முடிந்ததும் என் வீட்டுக்கு வந்துவிடட்டும் என்று சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

தலையணையில் என்ன இருக்கிறது? அதை மட்டும் எழுது.

அக்கா


மார்ச் 9

ஏழு கிலோவுக்கு,

கேட்டாய் அல்லவா, தலையணையில் என்ன இருக்கிறது என்று. நாற்காலியில் உட்கார்ந்து படி.

அம்மாவுக்கு இரண்டு வருடமாக அடக்க முடிவதில்லை. இருமினால் போய்விடும். சிரித்தால் போய்விடும். படி இறங்கினால் போய்விடும். விசில் ஊதி ஐந்நூறு பிள்ளைகளை ஒரே வரிசையில் நிற்க வைத்தவள், கூடத்திலிருந்து பாத்ரூமுக்குப் போவதற்குள் நனைந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கு நீ எங்கேயோ மலையுச்சியில் நாற்பது பேரை நிற்கவைத்துப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாய்.

கடையில் விற்கும், ஈரம் உறிஞ்சும் பட்டை நடந்தால் சரசரக்கிறது என்று அவளுக்கு வெட்கம். நான் சோபா உறை தைக்கிறவள். மிச்சத் துணியில் மெல்லிசாகப் பட்டை தைத்துக் கொடுத்தேன், ஒரு சத்தம் வராது. பிறகு இந்த டூர் வந்தது. பஸ்ஸில் நாற்பது பேர், ஹோட்டலில் உன்னோடு ஒரே அறை. "நான் பையைத் திறப்பேன், அவ பாத்துடுவா" என்று அவளுக்குப் பயம். அதற்குத்தான் அந்தத் தலையணை. ஒரு பக்கத் தையலோடு தையலாக ஜிப் வைத்தேன். உள்ளே இருபத்திரண்டு பட்டை. மறு பக்கம் ரெக்சின் தைத்த அறை, ஈரமானதைப் போட்டு மூட. மேலே பஞ்சு. தலைக்கும் ஆகும், வைத்துக்கொள்ளவும் ஆகும், மறைக்கவும் ஆகும். உன் கணக்குப்படியே அது மூன்று வேலை செய்தது, தாயே.

ஒரு மாதம் ஒத்திகை பார்த்தோம் தெரியுமா? குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நான் வெளியே நிமிடம் எண்ண, அவள் உள்ளே மாற்றுவாள். முதலில் ஏழு நிமிடம் ஆனது. கடைசியில் இரண்டே நிமிடத்தில் வெளியே வந்து, "பாத்தியா, பாஸ்!" என்றாள். இரண்டு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். சத்தியம் வாங்கினாள். "பெரியவளுக்குத் தெரிஞ்சா மைக்ல சொல்லிடுவா" என்றாள். நீ கெட்டவள் என்று அவள் சொல்லவில்லை. உனக்கு எல்லாமே பிரசங்கம் ஆகிவிடும் என்று சொன்னாள்.

நீ கொட்டும்போது அவள் ஏன் பேசவில்லை என்றும் கேட்டிருக்கிறாய். நீ எப்போது அவளைப் பேச விட்டாய்? ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுகிறவள், எதிரே இருப்பவள் முகத்தை ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

பட்டை இல்லை. அதனால் குடிக்கவில்லை. குடித்தால் போகும், போனால் எல்லோருக்கும் தெரியும். இதுதான் உன் ஜோசியம்.

அம்மாவை இங்கே கொண்டுவா. உன் பஸ்ஸில் அல்ல, ஆம்புலன்சில். உன் வீட்டுப் பேச்சை இனி எடுக்காதே.


மார்ச் 12

கோந்துக்கு,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். எழுந்து உள்ளே போக அரை மணி நேரம் ஆனது.

இப்போது எல்லாம் புரிகிறது. இரண்டாம் நாள் ஒரு ஊரில் நின்றபோது, "பக்கத்துல மருந்துக்கடை இருக்கா?" என்று கேட்டாள். "என்ன வேணும், சொல்லு, நான் வாங்கிட்டு வரேன்" என்றேன். "ஒண்ணுமில்ல, விடு" என்றாள். நான் விட்டுவிட்டேன். அம்மாவிடம் படித்த பெண் ஒருத்தி எங்கள் பஸ்ஸிலேயே இருந்தாள். "டீச்சர், நிமிந்து உக்காருன்னு நீங்க போட்ட அதட்டல் இன்னும் காதுல இருக்கு" என்று வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு நாளும் அம்மா சீட் நுனியில், கால்களை ஒட்டிவைத்து, நிமிர்ந்தே வந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது, பாவி நான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீ எப்படியும் என்னை வெறுக்கத்தான் போகிறாய். நான் தினமும் மைக்கில், "வண்டி ஏறுறதுக்கு முன்னாடி தண்ணியைக் கொறச்சுக்குங்க, அடுத்த ஸ்டாப் மூணு மணி நேரம்" என்று சொல்வேன். எல்லா டூரிலும் சொல்வதுதான். அவள் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நேற்று அவளிடம் போய் "தெரியாமப் பண்ணிட்டேம்மா" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். டாக்டர் சொல்கிறார், சிறுநீரகம் கொஞ்சம்தான் திரும்பும், முழுசாகத் திரும்பாது, வாரம் இரண்டு டயாலிசிஸ் தொடர வேண்டியிருக்கும் என்று. செய்தது நான். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் எனக்கு ஒரு கணக்கு உதைக்கிறது. நேரம் பார்த்து நாற்பது பேரை ஏற்றி இறக்குகிறவள் நான், அந்தப் புத்தி போகாது. தலையணையை நான் ஒளித்து வைக்கவில்லை. கட்டில் நடுவில், கதவைத் திறந்ததும் தெரிகிற மாதிரி வைத்துவிட்டு வந்தேன். உன் பட்டறை இரண்டு தெரு தள்ளி. தினமும் பதினொரு மணிக்கு டீக்கு வீட்டுக்கு வருவாய். எங்கள் பஸ் பன்னிரண்டுக்குத்தான் கிளம்பியது. அம்மா விழுந்தது மூன்றாம் நாள்.

நீ அந்தத் தலையணையை எப்போது பார்த்தாய்?

அக்கா


மார்ச் 15

அக்கா,

டிரைவரிடம் ஒரு பை கொடுத்திருக்கிறேன். பட்டை முப்பது, முன்பக்கம் திறக்கிற நைட்டி இரண்டு, தேங்காய் எண்ணெய், அம்மாவின் மூக்குக்கண்ணாடி. ஊசி போட்ட கையை உயர்த்தாமல் மாட்டுகிற மாதிரி ஒரு சட்டையில் தோளைப் பிரித்து நாடா வைத்திருக்கிறேன். பட்டையை நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்று. மாற்றும்போது முகத்தைப் பார்க்காதே, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஏதாவது பேசு. அதுதான் அவளுக்குப் பிடிக்கும்.

அன்றைக்கு வேலை அதிகம். டீக்கு வரவில்லை. சாயங்காலம்தான் பார்த்தேன்.

இல்லை. பொய். இந்தத் தாளைக் கிழித்தால் மறுபடி எழுத எனக்குத் தைரியம் வராது, அதனால் பொய்யும் அப்படியே இருக்கட்டும்.

பதினொரு மணிக்கே பார்த்தேன். கதவைத் திறந்தேன், கட்டில் நடுவில் கிடந்தது. பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி, ஸ்வெட்டர், எல்லாம் உன் பாணியில் வரிசையாக. ஒரு நொடியில் புரிந்துவிட்டது. உங்கள் ஆபீசுக்குப் பத்து நிமிட நடை. தலையணையைக் கையில் எடுத்தேன், செருப்பைக்கூட மாட்டினேன். போனை எடுத்து உன் நம்பரையும் எடுத்தேன்.

அப்போது முந்தின ராத்திரி நீ சொன்னது ஞாபகம் வந்தது. "உன்கூட இருந்தா அம்மா சீக்கிரம் கெழவி ஆயிடுவா. என்கூட வந்தா பத்து வயசு கொறஞ்சிடும்" என்றாய். பத்து வருடம் நான் கழுவியது, துவைத்தது, ராத்திரி எழுந்தது எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் ஒன்றுமில்லாமல் போயிற்று. வயிறு எரிந்தது அக்கா. நீயும் படு என்று நினைத்தேன். ஒரே ஒரு தடவை உன் பஸ் சீட் நனையட்டும், நாற்பது பேர் முன்னால் உன் ஏழு கிலோப் பெருமை நாறட்டும், அப்போது தெரியும் அம்மாவை வைத்துக்கொள்வது என்றால் என்னவென்று. நனையப்போவது அம்மா என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்கும். நான் தள்ளிவிட்டேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு டீ போட்டுக் குடித்தேன்.

அன்று ராத்திரி நீ கூப்பிடுவாய், மூஞ்சி தொங்கிப்போய்ப் பேசுவாய் என்று காத்திருந்தேன். நீ கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. சமாளித்துவிட்டாள் போலிருக்கிறது, எங்கேயோ பட்டை வாங்கிக்கொண்டாள் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். குடிக்காமல் இருப்பாள் என்று மட்டும் சத்தியமாக நினைக்கவில்லை. நீ ஆஸ்பத்திரியிலிருந்து முதல் தடவை அடித்தபோது, "அம்மா விழுந்துட்டா" என்றதுமே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அதனால்தான் அதற்குப் பிறகு உன் போனை எடுக்கவில்லை. உன்மேல் கோபத்தில் அல்ல.

அம்மாவிடம் சொல்லிவிடாதே. கெஞ்சிக் கேட்கிறேன். அவளுக்கு நான் ஒருத்திதான் நல்லவளாக இருக்கிறேன்.


மார்ச் 17

நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். என்னைத் திட்டியிருந்தாயே, எதிரே இருப்பவள் முகத்தைப் பார்த்திருக்கலாம் என்று. நீ பார்க்கக்கூட வேண்டாம். ஒரு பட்டனை அழுத்தியிருந்தால் போதும்.

இதுவரை உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், சொல்வது உனக்கு வலிக்க வேண்டும் என்றுதான். முதல் நாள் பஸ் கிளம்பியதிலிருந்து அம்மா என்னிடம், "சின்னவ போன் பண்ணாளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மலையேறும்போது கேட்டாள், சாப்பிடும்போது கேட்டாள், ஹோட்டல் ரூமில் விளக்கை அணைத்த பிறகும் கேட்டாள். "அவ கோவத்துல இருக்காம்மா, பண்ண மாட்டா" என்றேன். "பண்ணுவா பாரு" என்றாள். இங்கே வந்தும் உன் புராணம்தானா என்று எனக்கு எரிச்சல். பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, மூடியைத் திறக்காமல், உன் போனுக்காக உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாள் மத்தியானத்துக்கு மேல் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

நான் தெரியாமல் செய்தேன். நீ தெரிந்து செய்தாய். வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி திட்டு வாங்கியவள் நான்.

வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ். என் வீட்டில் அறை, மெத்தை, வாசலுக்கு எதிரே டயாலிசிஸ் சென்டர், எல்லாம் தயார் பண்ணிவிட்டு நேற்றுக் கேட்டேன். "சின்னவகிட்டயே போறேன்" என்றாள். அவ்வளவுதான், வேறு பேச்சில்லை. ஆம்புலன்சில் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டுப் போய்விடுவேன். என்னை உள்ளே கூப்பிடாதே, காபியும் போடாதே.

அம்மாவிடம் நான் சொல்ல மாட்டேன். உனக்கு இரக்கப்பட்டு அல்ல. நீ சொல்ல வேண்டும். தினம் அவளுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, அவள் உன்னை நல்லவள் என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு, எத்தனை நாள் சொல்லாமல் இருக்கிறாய் என்று நான் பார்க்கிறேன்.


ஏப்ரல் 4

அக்கா,

பதினாறு நாள் சொல்லாமல் இருந்தேன். அதற்குமேல் முடியவில்லை.

அம்மாவின் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ் போகிறோம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளவு போட்டிருக்கிறார். இப்போது அவளுக்கு எந்நேரமும் தாகம். தண்ணீர், தண்ணீர் என்று கேட்கிறாள், நான் மூடியில் அளந்து கொடுக்கிறேன். ஒவ்வொரு மூடிக்கும் "நீ நல்லா இருப்பே" என்கிறாள். நீ எனக்கு நல்ல தண்டனைதான் கொடுத்தாய்.

எதிர் வீட்டு டைப்பிஸ்ட் பார்க்க வந்தாள். அவளிடம் அம்மா, "பெரியவ என்னைக் கொன்னுட்டா, சின்னவதான் காப்பாத்துறா" என்றாள். நான் சமையலறையில் நின்று கேட்டேன். காது கூசியது. அவள் போனதும் வந்து கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பதினொரு மணி, செருப்பு, நீ சொன்ன வார்த்தை, டீ. உன்மேல் பழி போடாமல் சொன்னேன், நம்பு.

அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும், "தெரியும்" என்றாள்.

கட்டிலிலிருந்து எழுந்துவிட்டேன். "அக்கா சொன்னாளா?"

"அவ எதுக்குச் சொல்லணும்? பதினோரு மணிக்கு நீ டீக்கு வருவேன்னு எனக்குத் தெரியாதா? கட்டில்ல கெடக்குறது உன் கண்ணுல படாமலா போகும்? மொத நாள் ஃபுல்லா பாத்தேன். ரெண்டாம் நாள் மத்தியானம் வரைக்கும் பாத்தேன். அதுக்கப்புறம் புரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏம்மா அக்காவை மட்டும் திட்டினே? எதிர் வீடு வரைக்கும் அவளைத்தானே சொல்றே?"

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. பிள்ளைகளுக்கு விதிமுறை சொல்கிற குரலில் சொன்னாள்.

"அவளைத் திட்டினா கோவிச்சுக்கிட்டுப் போவா, போனா போறா. உன்கிட்டதானே நான் கெடக்கணும்? உன்னையும் திட்டிட்டு, அப்புறம் உன் கையால எப்படிடி நான் துணி மாத்திக்கிறது?"

பிறகு, நனைந்துவிட்டது, மாற்று என்றாள். மாற்றிவிட்டேன்.

கோந்து